பாட்டால் பழகியவரை நேரில் பார்க்கப் போகிறீர்களா?

முகம் தெரியாது. குரலைக் கேட்டதில்லை. சொந்த ஊர் எது என்பது கூட நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அவருக்குக் காம்போதி என்றால் உயிர், புதிய ரெக்கார்டிங்குகளை விட இரைச்சலோடு இருக்கும் பழைய கேசட்டுகள் தான் பிடிக்கும், இரவு 11 மணிக்கு மேல் தான் பதில் எழுதுவார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. இண்டர்நெட்டில் இசை பற்றிப் பேசிப் பழகும் எவருக்கும் இப்படி நாலைந்து பேராவது இருப்பார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவரிடமிருந்து மெயில் வரும். "டிசம்பரில் சென்னைக்கு வருகிறேன். பார்க்க முடியுமா?"

பார்க்கலாமா, கூடாதா? பார்ப்பது என்றால் எங்கே? கையில் என்ன எடுத்துப் போவது? அவர் கொடுக்கும் பென் டிரைவை நம் கம்ப்யூட்டரில் போடலாமா? இந்தக் கட்டுரை அதைப் பற்றித் தான். முதலில் கொஞ்சம் பழைய கதை. இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததல்ல.

டேப் ரெக்கார்டர்களோடு ஒரு கூட்டம்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1965-ல் தொடங்கிய இசைக்குழு கிரேட்ஃபுல் டெட். 30 வருடங்களில் சுமார் 2,300 கச்சேரிகள் செய்தார்கள். ஒரு நாள் வாசித்தது போல மறு நாள் வாசிக்க மாட்டார்கள். நம் வித்வான்கள் ஒரே ராகத்தை இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் பாடுவதைப் போலத் தான். ஆகவே ரசிகர்கள் ஊர் ஊராகப் பின்னாலேயே போனார்கள். போனவர்கள் டேப் ரெக்கார்டரையும் தூக்கிக் கொண்டு போனார்கள். மற்றக் குழுக்கள் இதைத் தடுத்த காலத்தில் இவர்கள் தடுக்கவில்லை. 1984 அக்டோபரில், ரெக்கார்டு செய்பவர்கள் மைக் ஸ்டாண்டுகளோடு உட்காருவதற்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. கேசட்டை விற்கக் கூடாது, பரிமாறிக் கொள்ள மட்டும் செய்யலாம்.

இந்த ரசிகர்கள் தான் கம்ப்யூட்டர் மூலம் பேசிப் பழகியவர்களில் முன்னோடிகள். 1985-ல் ஸ்டூவர்ட் பிராண்ட், லாரி பிரில்லியண்ட் என்ற இருவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் சாசலிட்டோ என்ற ஊரில் 'வெல்' என்ற டயல்-அப் சர்வீஸைத் தொடங்கினார்கள். வெப்சைட் என்ற ஒன்றே அப்போது கிடையாது. டெலிபோன் லைனில் மோடத்தை இணைத்து, கறுப்புத் திரையில் எழுத்துகளை மட்டும் படித்து, டைப் செய்து பேச வேண்டும். மணிக்கணக்கில் கட்டணம். அந்தக் கட்டணத்தையும் பார்க்காமல் கச்சேரிகளைப் பற்றி மணிக்கணக்காக எழுதித் தள்ளியவர்கள் கிரேட்ஃபுல் டெட் ரசிகர்கள். ஆரம்ப வருடங்களில் வெல் நஷ்டப்பட்டு மூடாமல் இருந்ததற்கு இவர்கள் கட்டிய பணம் ஒரு முக்கியக் காரணம். வெல் உறுப்பினர்கள் மாதம் ஒரு முறை அதன் ஆபீஸில் நேரில் கூடிப் பார்ட்டி நடத்தினார்கள். கம்ப்யூட்டரில் பழகுபவர்கள் மனிதர்களை மறந்து விடுவார்கள் என்று சொல்பவர்களிடம் இந்த உதாரணத்தைச் சொல்லலாம்.

இன்னொரு சந்திப்பையும் சொல்ல வேண்டும். கிரேட்ஃபுல் டெட் குழுவுக்குப் பாடல்கள் எழுதியவர்களில் ஒருவர் ஜான் பெர்ரி பார்லோ. வயோமிங் மாநிலத்தில் மாட்டுப் பண்ணை நடத்தியவர். ரசிகர்கள் மூலமாக வெல்லுக்கு வந்து சேர்ந்தார். 1990-ல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ஏதோ சாஃப்ட்வேர் திருட்டு பற்றி விசாரிக்க வந்ததையும், அவருக்குக் கம்ப்யூட்டர் பற்றி ஒன்றுமே தெரியாமல் இருந்ததையும் பார்லோ வெல்லில் எழுதினார். அதைப் படித்தவர்களில் ஒருவர் மிட்ச் கபோர். லோட்டஸ் 1-2-3 என்ற ஸ்பிரட்ஷீட்டைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த லோட்டஸ் கம்பெனியைத் தொடங்கியவர். தன் விமானத்தில் அந்தப் பக்கமாகப் பறந்து கொண்டிருந்த போது பார்லோவுக்கு போன் செய்து, வழியில் இறங்கி வரட்டுமா என்று கேட்டார். வெளியே பனிப்புயல். உள்ளே இருவரும் மணிக்கணக்கில் பேசினார்கள். அந்தப் பேச்சில் உருவானது தான், ஜான் கில்மோரும் சேர்ந்து 1990-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் ஃபிரண்டியர் ஃபவுண்டேஷன். இண்டர்நெட் பயனாளர்களின் உரிமைகளுக்காக இன்றும் கோர்ட்டில் வழக்காடி வரும் அமைப்பு அது. வழியில் இறங்கிப் பார்த்து விட்டுப் போவதால் என்னவெல்லாம் நடக்கிறது பாருங்கள்!

தபாலா, நேரிலா?

இவர்கள் ஏன் நேரில் சந்திக்க ஆசைப்பட்டார்கள்? பாசம் ஒரு பக்கம். கணக்கு இன்னொரு பக்கம். கணக்கைப் பார்ப்போம்.

சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ ஒலிக்கு சுமார் 10 எம்பி இடம் தேவை. 3 மணி நேரக் கச்சேரி என்றால் சுமார் 1.9 ஜிபி. இதை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினால் 170 எம்பி அளவில் அடங்கி விடும். ஆனால் எம்பி3 செய்யும் போது காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்று கருதும் ஒலிகளை சாஃப்ட்வேர் நிரந்தரமாகத் தூக்கி எறிந்து விடுகிறது. அந்த எம்பி3-யை ஒருவர் சிடியாக்கி, அந்த சிடியிலிருந்து அடுத்தவர் மீண்டும் எம்பி3 எடுத்தால் தரம் இன்னும் கெடும். நாலு கை மாறினால் தம்புரா ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். இதனால் 1998-ல் தொடங்கிய ஈட்ரீ என்ற பரிமாற்றக் குழுவினர் எம்பி3-யை ஒதுக்கி விட்டு ஷார்ட்டன் என்ற ஃபார்மட்டைப் பயன்படுத்தினார்கள். 2001-ல் ஜோஷ் கோல்சனின் ஃப்ளாக் 1.0 வந்த பிறகு மெதுவாக அதற்கு மாறினார்கள். இவை ஜிப் ஃபைல் போல. சுருக்கினாலும் விரித்தால் ஒரு பிட் கூடக் குறையாமல் திரும்ப வரும். அளவு பாதிக்குச் சற்று மேல்.

அப்படிப் பார்த்தால் 3 மணி நேரக் கச்சேரி சுமார் 1.1 ஜிபி. அந்தக் காலத்து 56 கே மோடத்தில் நொடிக்கு 5 கிலோபைட் கிடைத்தாலே பெரிய விஷயம். லைன் ஒரு முறை கூடக் கட் ஆகாமல் இருந்தாலும் 60 மணி நேரம் ஆகும். ஆகவே காலி சிடிக்களையும் தபால் தலை ஒட்டிய கவரையும் அனுப்பி வைத்தால் ஒருவர் காப்பி செய்து திருப்பி அனுப்புவார். அடுத்த வாரம் அதே ஊருக்குக் கச்சேரிக்குப் போகிறீர்கள் என்றால் அதுவும் வேண்டாம். கையிலேயே வாங்கிக் கொள்ளலாம். 2001-ல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரண்டை ஆரம்பத்திலேயே எடுத்துக் கொண்டவர்களில் இவர்களும் உண்டு. 2002-ல் இண்டர்நெட் ஆர்க்கைவ், ஈட்ரீயோடு சேர்ந்து இசைக் கச்சேரிகளுக்கென்று தனிப் பகுதியைத் தொடங்கியது. ரெக்கார்டு செய்ய அனுமதித்த குழுக்களின் கச்சேரிகள் மட்டும் அதில் உண்டு. இன்று எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டி விட்டது.

இன்றைய ஃபைபர் கனெக்ஷனில் 1.1 ஜிபி சில நிமிடங்களில் இறங்கி விடும். பிறகு எதற்கு நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பீர்கள். நெட்டில் இருப்பது இறங்கி விடும். பீரோவுக்குள் இருப்பது இறங்காது.

இரண்டு கேசட்டுகள்

எனக்குத் தெரிந்த திருச்சிக்காரர் ஒருவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தந்தை 1980-களில் ஒரு கோவில் திருவிழாவில் நாதஸ்வரக் கச்சேரியை சி-90 கேசட்டில் பதிவு செய்திருந்தார். ஒரு பக்கம் 45 நிமிடம். தோடி ஆலாபனை உச்சத்துக்குப் போகும் இடத்தில் டக் என்று நின்று விடும். கேசட்டைத் திருப்பிப் போட்டு மீண்டும் பட்டனை அழுத்துவதற்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் போய் விட்டது. தந்தை இருந்த வரை அந்த ஒரு நிமிடத்தைப் பற்றியே புலம்புவார் என்று சொல்வார்.

இதை அவர் எப்போதோ நெட்டில் எழுத, பெங்களூரிலிருந்து ஒருவர் பதில் எழுதினார். அவருடைய மாமாவும் அதே இரவு அதே கோவிலில் இருந்தாராம். அவரிடமும் ஒரு கேசட் இருந்தது. ஆனால் இருவருக்கும் கேசட்டைத் தபாலில் அனுப்பப் பயம். வேறு பிரதி கிடையாது. தொலைந்தால் தொலைந்தது தான். கடைசியில் டிசம்பர் சீசனுக்கு இருவரும் சென்னைக்கு வருவது என்று முடிவாயிற்று. மயிலாப்பூரில் ஒரு சபா கேண்டீனில் சந்தித்தார்கள். இவருடைய கேசட்டை அவர் வாங்கிக் கொண்டு போனார். முன்பின் பார்த்திராத மனிதரிடம் அப்பாவின் ஒரே கேசட்டைக் கொடுத்து விட்டு வந்ததற்கு வீட்டில் நல்ல வசவு கிடைத்ததாம்.

பெங்களூர்க்காரர் இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்த போது இரண்டுக்கும் சுருதி ஒத்துப் போகவில்லை. காரணம் சுலபமானது. ஒன்று கரண்டில் ஓடிய ரெக்கார்டர், இன்னொன்று பேட்டரியில் ஓடியது. பேட்டரி தீரத் தீர டேப் மெதுவாக ஓடும். மெதுவாகப் பதிவானதைச் சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் சுருதி ஏறி, வேகமாக ஒலிக்கும். ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்ட் இருக்கிறது. அதில் ஒத்தின் ஒலியை அளவாக வைத்துக் கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சரி செய்து, விடுபட்ட இடத்தில் மாமாவின் கேசட்டை ஒட்டினார். ஒட்டிய இடம் நன்றாகவே தெரியும். திடீரென்று நாதஸ்வரம் தூரத்தில் போகும், தவில் பக்கத்தில் வரும். மாமா தவில் பக்கம் உட்கார்ந்திருந்தார் போலிருக்கிறது. அடுத்த சீசனில் கேசட்டும் பென் டிரைவும் திரும்பி வந்தன.

எல்லா சந்திப்பும் இப்படி முடியாது. பெரும்பாலும் காபி சாப்பிட்டு, போட்டோ எடுத்துக் கொண்டு கிளம்பி விடுவார்கள். எழுத்தில் வெளுத்து வாங்குபவர் நேரில் வாயே திறக்க மாட்டார். அதுவும் நடக்கும். அதிலொன்றும் நஷ்டமில்லை.

எங்கே சந்திப்பது?

மியூசிக் அகாடமி 1928-ல் தொடங்கியது. இன்று டிசம்பர் நடுவில் ஆரம்பித்து ஜனவரி வரை சென்னையில் பல சபாக்களில் ஒரே நாளில் காலை முதல் இரவு வரை கச்சேரிகள். வெளிநாடுகளில் இருப்பவர்கள் லீவு போட்டு வருகிறார்கள். ஜனவரியில் பெரும்பாலும் திருவையாறு ஆராதனை. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 1978 முதல் நடக்கும் கிளீவ்லேண்ட் ஆராதனை. இந்த மாதிரி இடங்கள் முதல் சந்திப்புக்கு ரொம்ப வசதி. கூட்டம் இருக்கும். கச்சேரி முடியும் நேரம் தெரியும். பேச விஷயம் இல்லாவிட்டாலும் கேட்க விஷயம் இருக்கும்.

முதல் சந்திப்பை வீட்டிலோ, லாட்ஜ் அறையிலோ வைத்துக் கொள்ளாதீர்கள். பெண்களுக்கு மட்டும் சொல்வதாக நினைக்க வேண்டாம். தங்கும் இடத்தின் பெயரைச் சொல்லலாம், அறை எண்ணைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. போவதற்கு முன் வீட்டில் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பி விடுங்கள். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று அளவுகள் காட்டும். கச்சேரி என்றால் 8 மணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 1 மணியில் வர்ணமும் ஒரு கீர்த்தனையும் தான் முடிந்திருக்கும்.

வருபவர் உண்மையிலேயே அவர் தானா? பலர் வீடியோ காலில் பார்த்துக் கொள்ளச் சொல்வார்கள். இன்று முகத்தையும் குரலையும் போலியாக உருவாக்க முடிகிறது. அதோடு பழைய பேச்சு எதையாவது கேளுங்கள். போன வருடம் எந்தக் கச்சேரிக்காகச் சண்டை போட்டோம் என்று கேட்டால் உண்மையான ஆள் உடனே மறுபடியும் சண்டைக்கு வந்து விடுவார்.

வழியில் பர்ஸ் தொலைந்து விட்டது, உடனே பணம் அனுப்பு என்று அவர் பெயரில் மெசேஜ் வந்தால் போன் செய்து பேசாமல் ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். அக்கவுண்ட்டைத் திருடியவர்கள் முதலில் செய்வது இதைத் தான். டிக்கெட் பணத்தை உங்களுக்குத் திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள் என்றாலும் வேண்டாம். பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ, யுபிஐ பின் நம்பர் போடவோ தேவையே இல்லை.

பென் டிரைவும் ஹார்டு டிஸ்க்கும்

இனி நம் டிபார்ட்மெண்ட். எடுத்துப் போகும் டிரைவில் பாட்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. ஆதார் காப்பி, குடும்ப போட்டோ, ஆபீஸ் ஃபைல் எல்லாம் இருக்கும் டிரைவை அப்படியே நீட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். டெலிட் செய்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். டெலிட் செய்ததை மீட்கும் சாஃப்ட்வேர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. இதற்கென்று புதிதாக ஒரு பென் டிரைவ் வாங்கி விடுங்கள்.

டிரைவ் ஃபேட்32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைலை ஏற்காது. பாட்டு ஃபைல் அவ்வளவு பெரிதாகுமா என்று கேட்கலாம். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோவில் பதிவு செய்தால் நிமிடத்துக்குச் சுமார் 34.5 எம்பி. 2 மணி 4 நிமிடத்தில் 4 ஜிபியைத் தாண்டி விடும். வேவ் ஃபைலுக்கும் அதே 4 ஜிபி எல்லை உண்டு. டிரைவை எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்து, பாட்டுகளை ஃப்ளாக் ஆக மாற்றி எடுத்துப் போங்கள். விண்டோஸ், மேக், ஆண்ட்ராய்டு எல்லாவற்றிலும் ஃப்ளாக் பாடுகிறது.

அவர் தரும் டிரைவை வாங்கி வந்ததும் திறக்காமல் முதலில் ஆன்டிவைரஸில் ஸ்கேன் செய்யுங்கள். பென் டிரைவைச் செருகியவுடனே வைரஸ் தானாக ஓடிய ஆட்டோரன் தொல்லையை 2011-ல் மைக்ரோசாஃப்ட் அப்டேட் கொடுத்து அடைத்தது. ஆனால் நாமே டபுள் கிளிக் செய்து ஓட்டினால் யாரும் தடுக்க முடியாது. விண்டோஸில் ஃபைல் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்துக் கொள்ளுங்கள். கல்யாணி.எம்பி3 என்று தெரிவதன் முழுப் பெயர் கல்யாணி.எம்பி3.இஎக்ஸ்இ ஆக இருக்கலாம். நண்பர் நல்லவராகவே இருப்பார். அவர் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்பது அவருக்கே தெரியாமல் இருக்கும்.

காப்பி சரியாக ஆகியிருக்கிறதா என்று பார்க்க எம்டி5 என்ற சோதனை எண் உதவும். ஈட்ரீ காலத்திலிருந்தே பரிமாற்றக்காரர்களின் பழக்கம் இது. ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்கிட்டு வரும் 32 எழுத்து-எண் வரிசை அது. அவர் கம்ப்யூட்டரில் வந்ததும் உங்களுடையதில் வருவதும் ஒன்றாக இருந்தால் ஃபைல் கெடவில்லை. டிரைவை அவசரமாகப் பிடுங்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது ரொம்பவும் அவசியம்.

கேசட்டை ஏற்றுவதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை. டெக்கின் லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டரின் லைன் இன்னுக்கு ஒரு கேபிள் போதும். மைக் இன்னில் செருகாதீர்கள். பல லேப்டாப்களில் அது மோனோ, ஒலியும் உடைந்து போகும். லைன் இன் இல்லாத லேப்டாப்புக்கு யுஎஸ்பி ஆடியோ அடாப்டர் வாங்கிக் கொள்ளலாம். ஏற்றுவதற்கு முன் கேசட்டை ஒரு முறை கடைசி வரை ஓட்டித் திருப்புங்கள். ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கெட்டுப் போன பாட்டில் பாதி, அழுக்கு ஹெட்டால் கெட்டது தான்.

கேட்டு விட்டுப் பதிவு செய்யுங்கள்

ஒரு விஷயத்தில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. மொபைலை மடியில் மறைத்து வைத்துக் கொண்டு கச்சேரியைப் பதிவு செய்வது தவறு. 1957-ம் வருட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 38-வது பிரிவு, மேடையில் பாடுபவருக்கும் வாசிப்பவருக்கும் 50 வருட உரிமை தருகிறது. கிரேட்ஃபுல் டெட் கதையில் முக்கியமானது டேப் ரெக்கார்டர் அல்ல, அனுமதி. இங்கே சபா அனுமதிக்கிறதா, வித்வான் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் போனைப் பையில் போட்டு விட்டுக் கேளுங்கள். பழைய கேசட்டுகளை நண்பருக்குக் கொடுப்பது வேறு, அதை யூடியூபில் ஏற்றி விளம்பரக் காசு பார்ப்பது வேறு. வித்வானோ, அவர் குடும்பத்தாரோ இருந்தால் ஒரு பிரதியை அவர்களிடம் கொடுத்து விட்டுக் கேட்பது தான் மரியாதை. பல வீடுகளில் அவர்களிடமே அந்த ரெக்கார்டிங் இருக்காது.

சந்திப்பில் மறக்காமல் போன் நம்பரையும் வீட்டு விலாசத்தையும் எழுதி வாங்கிக் கொள்ளுங்கள். ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ல் மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில் மூடப்பட்டது. அதற்கு முன்பே பல வருட உரையாடல்களும் ஃபைல்களும் அழிக்கப்பட்டு விட்டன. 2016-க்கு முன் ஏற்றிய பாட்டுகள் சர்வர் மாற்றத்தில் போய் விட்டன என்று மைஸ்பேஸ் 2019-ல் அறிவித்தது. புனைப்பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்தவர்கள் அன்றோடு ஒருவரையொருவர் தொலைத்தார்கள். நேரில் ஒரு முறை பார்த்து விலாசம் வாங்கியவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

வருபவர் வயதானவராக இருந்தால் லேப்டாப்பில் நோட்பேடைத் திறந்து வைத்துக் கொள்ளுங்கள். ஃபைலின் பெயர் பெரும்பாலும் 'சைடு ஏ' என்று தான் இருக்கும். எந்த ஊர், எந்த வருடம், வயலின் யார், மிருதங்கம் யார், எங்கே உட்கார்ந்து பதிவு செய்தார், எந்த மெஷின் என்று அவர் சொல்லச் சொல்ல டைப் செய்யுங்கள். அதைத் தமிழில், யூனிகோடில், சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகப் பாட்டு இருக்கும் அதே ஃபோல்டரில் சேமியுங்கள். சேவ் செய்யும் போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை திறக்கும் போது வித்வான் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் தான் இருக்கும்.